தனித்திருப்பவரும் தனித்து விடப்பட்டவரும்

தமிழ்ப் படங்களில் பேய் குடியேறுகிற பங்களாவைச் சற்றே கவனித்துப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் புலப்பட்டிருக்கும்: அந்த வீட்டில் எவருக்கும் தனியாக இருக்க அவகாசமே கிடைப்பதில்லை. மாமியார், மருமகள், மைத்துனன், சமையல்காரர், மந்திரவாதி, அவருக்கு உதவியாக வந்து முதல் சப்தத்திலேயே ஓட்டம் பிடிக்கிற இரண்டு நகைச்சுவை நடிகர்கள் ஆகிய இவ்வளவு பேரும் ஒரே கூடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு படுத்திருக்க, நடுநிசியில் கதவு தானாகத் திறந்துகொண்டால், அலறுவதற்குக் குறைந்தபட்சம் ஏழு தொண்டைகளாவது தயாராக இருக்கும். 2007-இல் வந்த ‘முனி’யும், 2011-இல் வந்த ‘காஞ்சனா’வும், 2014-இல் தொடங்கிய ‘அரண்மனை’ வரிசையும் இந்த இலக்கணத்தை வகுத்து, அதில் வசூலும் கண்டன. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அங்காளம்மனின் மயானக் கொள்ளைக்குக் கைக்குழந்தையைத் தோளில் சுமந்துகொண்டு போய், சுடுகாட்டில் சுண்டலும் கொழுக்கட்டையும் இறைபடுவதை வேடிக்கை பார்த்து வருகிற ஜனங்களுக்கு, பயத்தைக் கூட்டத்தோடு பகிர்ந்துகொண்டு, பகிர்ந்த மாத்திரத்திலேயே அதைச் சிரிப்பாக மாற்றிவிடுகிற சாமர்த்தியம் பரம்பரையாக வந்தது. சினிமா அதைச் சுவீகரித்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

ஆனால் இந்த இலக்கணத்துக்குள் அடங்காத பயம் ஒன்று உண்டு. பேயாகவாவது யாரேனும் வரமாட்டார்களா என்று ஏங்கும்படி ஒருவரை நான்கு சுவர்களுக்குள் அடைத்து, அவருடைய மனத்தையே அவருக்குச் சத்ருவாகத் திருப்பிவிடுகிற பயம் அது. மேல்நாட்டார் இதற்கென்று ஒரு தனி மரபையே வளர்த்திருக்கிறார்கள். லண்டன் அடுக்ககம் ஒன்றில் தனியே விடப்பட்ட பெண்ணின் சித்தம் சிறிது சிறிதாகச் சிதைவதை ரோமன் போலன்ஸ்கி 1965-இல் ‘ரிபல்ஷன்’ படத்தில் காட்டினார். பனிமூடிய ஹோட்டல் ஒன்றில் ஒரு சிறு குடும்பத்தைக் குளிர்காலம் முழுவதற்கும் அடைத்துவைத்து, குடும்பத் தலைவனே கோடரி தூக்கும் வரை நிதானமாகக் காத்திருந்தார் ஸ்டான்லி குப்ரிக், 1980-இல் வந்த ‘தி ஷைனிங்’கில். தமிழில் இவ்வகைப் படங்கள் மிக அரிது. கதை எழுதுவோரிடம் கற்பனை வறண்டுபோயிற்று என்று சொல்ல மாட்டேன். ஒரு பாத்திரத்தை ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார வைத்தால் ரசிகர் எழுந்து கான்டீனுக்குப் போய்விடுவார் என்று பட முதலாளிகள் வைத்திருக்கும் அசைக்க முடியாத நம்பிக்கையைத்தான் காரணமாகச் சொல்ல வேண்டும்.

இந்த விஷயத்தைப் பற்றி அடி அண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு எழுதுவதில் ஒரு பொருத்தமும் ஒரு சங்கடமும் இருக்கின்றன. மலையின் மேற்குப் புறத்தில், 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில், வருண லிங்கத்தைக் கடந்து வாயு லிங்கத்தை எட்டுவதற்கு முன்னே வருகிற இந்தச் சிற்றூர், பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கானவர்களின் காலடியில் அதிர்ந்துவிட்டு, மறு இரவே தெருவிளக்கின் கீழ் நாய்கள் மட்டும் நீட்டிப் படுத்திருக்கிற பழைய அமைதிக்குத் திரும்பிவிடும். அடி அண்ணாமலையார் கோயிலையும், மாணிக்கவாசகர் திருவெம்பாவையை அருளியது இவ்விடத்தில்தான் என்ற மரபைத் தாங்கி நிற்கும் அவருடைய கோயிலையும் தரிசிக்க வருவோர் ஒருபுறமிருக்க, கண்காணாத தேசங்களிலிருந்து விமானமேறி வந்து, இந்த மலையடிவாரத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக் கதவைச் சாத்திக்கொண்டு, மாதக்கணக்கில் மௌனமாக இருப்போரும் இங்கே உண்டு. உலகம் எதைக் கண்டு நடுங்குகிறதோ அதையே யாசித்து வருகிறவர்களை அன்றாடம் பார்ப்பவனுக்கு, திகில் படம் காட்டுகிற தனிமை எது, இவர்கள் நாடி வருகிற ஏகாந்தம் எது, இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது என்ற கேள்வி எழாமல் இராது.

அக்கேள்விக்குத் தமிழில் கிடைக்கிற நேர்மையான விடைகளுள் ஒன்று, 2019 ஜூன் 14 அன்று தமிழிலும் தெலுங்கிலும் வெளியான ‘கேம் ஓவர்’. ‘மாயா’வை எடுத்த அஸ்வின் சரவணன், காவ்யா ராம்குமாருடன் சேர்ந்து எழுதி இயக்கிய இப்படத்தில், தாப்ஸி பன்னு ஏற்றிருக்கும் ஸ்வப்னா என்ற பெண் வீடியோ கேம்களை வடிவமைக்கிற தொழில் செய்பவள், பெற்றோரிடமிருந்து விலகி, வாசலில் ஒரு காவலாளியும் வீட்டினுள்ளே கலாம்மா என்ற வேலைக்காரியும் மட்டுமே இருக்கிற பெரிய வீட்டில் வசிப்பவள். ஓராண்டுக்கு முன் அவளுக்கு இழைக்கப்பட்ட கொடுமை அவளிடம் இருளைப் பற்றிய தீராத பீதியாக நிலைத்துவிட்டது. அந்தத் தேதி மறுபடி நெருங்க நெருங்க, காலண்டரே அவளைத் துரத்துகிறது. தன்னுயிரைப் போக்கிக்கொள்ள முயன்று, அதிலும் தோற்று, கால்கள் முறிந்து அவள் சக்கர நாற்காலிக்கு வந்து சேருகிறபோது, பேய்ப் படங்களில் கதாநாயகிக்கு வழக்கமாக மிஞ்சுகிற ஒரே உபாயமாகிய ஓட்டமும் அவளிடமிருந்து பறிக்கப்பட்டுவிடுகிறது.

ஒரு காட்சியை மட்டும் எடுத்துச் சொன்னால் போதும். படம் தொடங்கும்போது, இன்னொரு வீட்டில் தனியாக இருக்கும் இன்னொரு பெண்ணை, வெளியே நிற்கிற எவனோ ஒருவன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நாமும் அவன் கண்களாலேயே பார்க்கிறோம். அவள் தன் வீட்டுக்குள் சாவதானமாக நடமாடுகிறாள். அவளுக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் நாற்காலியை விட்டு எழாமல் இருக்கிறோம். கொலை நிகழ்வதற்கு முன்னமேயே பார்வையாளரைக் கொலைகாரனின் பக்கத்தில் நிறுத்திவிடுகிற இந்தக் குரூரமான உத்தி, பிற்பாடு ஸ்வப்னாவின் வீட்டு ஜன்னல்கள் திரையில் வரும்போதெல்லாம் நம்மைச் சும்மா இருக்க விடுவதில்லை. படத் தொடக்கத்தில் வந்த அந்தப் பெண் அமுதா, புற்றுநோயோடு போராடி வாழ்ந்தவள். அவளுடைய அஸ்தி கலந்த மையினால், அது இன்னதென்று அறியாமலேயே, ஸ்வப்னா தன் மணிக்கட்டில் பச்சை குத்திக்கொண்டிருக்கிறாள் என்பதும், அதனால் விளையாட்டில் கிடைப்பதைப் போல அவளுக்கு மூன்று உயிர்கள் வாய்க்கின்றன என்பதும் கதையின் மாயப் பகுதி. இந்த மாயப் பகுதி எனக்கு முழுச் சம்மதமன்று. தழும்புபட்ட ஒரு மனம் தன்னையே உண்டு தீர்ப்பதைக் காட்டுகிற முதற்பாதியின் அழுத்தத்துக்கு, முகமூடிக் கொலைகாரர்கள் சுவரேறி வருகிற பிற்பாதி ஒரு படி குறைவுதான். ஆயினும் அந்தப் பிற்பாதியில்தான் படத்தின் ஜீவன் இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஏனெனில், முதலிரண்டு உயிர்களும் பறிபோன பிறகு ஸ்வப்னா கண்டுகொள்வது புதிய ஆயுதம் எதையும் அன்று, பக்கத்திலேயே இருந்த கலாம்மாவைத்தான். வினோதினி வைத்தியநாதன் அந்தக் கலாம்மாவை, தியாகத் தாயாகவும் ஆக்காமல், சிரிப்பு மூட்டுகிற வேலைக்காரியாகவும் ஆக்காமல், பயந்துகொண்டே நகர மறுக்கிற சாதாரண மனுஷியாக நடித்திருக்கிறார். படம் பார்த்த பலர் தாப்ஸியைப் புகழ்ந்தார்கள், நியாயந்தான், என் ஓட்டு வினோதினிக்கு.

இதற்கு முன்னோடிகள் இல்லாமற் போகவில்லை. 1980-இல் பாலு மகேந்திரா எடுத்த ‘மூடுபனி’யில், கடத்தப்பட்ட பெண் உதகையின் வீடொன்றில் அடைபட்டுக் கிடக்கிறபோது, வெளியே பனியும் உள்ளே ஒருவனுடைய பிறழ்ந்த மனமுமாக இரட்டைச் சிறை அவளைச் சூழ்ந்துகொள்கிறது. 2012-இல் கார்த்திக் சுப்பராஜின் ‘பீட்சா’வில், இருண்ட வீட்டுக்குள் டார்ச் விளக்கோடு விஜய் சேதுபதி தனியே மாட்டிக்கொண்டு தவிக்கிற பகுதி, தமிழ்த் திரையில் தனிமையைக் காட்டிய மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்று, அது கதாநாயகன் புனைந்து சொன்ன பொய் என்று பிறகு தெரியவருவதுதான் வேடிக்கை. ஹிந்தியில் விக்ரமாதித்ய மோத்வானே எடுத்து 2017-இல் வெளிவந்த ‘டிராப்ட்’டில், மும்பையில் ஆளே குடிவராத உயர்ந்த கட்டடமொன்றின் வீட்டுக்குள் தவறுதலாகப் பூட்டப்பட்டுவிடுகிற இளைஞன், மின்சாரமும் குடிநீரும் இன்றி நாட்களைக் கழிக்கிறான். அவன் கண்ணெதிரே, அவன் கூவுவது கேட்காத தூரத்தில், லட்சோபலட்சம் ஜனங்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கிறார்கள். அந்தக் கட்டடத்தின் பெயர் சொர்க்கம்! மலையாளத்தில் 2024-இல் கறுப்பு வெள்ளையில் வந்த ‘பிரமயுக’மோ இன்னும் ஆழமான குழிக்குள் இறங்குகிறது. 17-ஆம் நூற்றாண்டில், அடிமையாக விற்கப்படுவதிலிருந்து தப்பியோடி வந்த தேவன் என்ற பாணன், கொடுமண் போற்றி என்பவரின் பாழ்மனையில் ஒரு வேளைச் சோற்றுக்காக நுழைந்து, பகடையாட்டத்தில் தன் காலத்தையே பணயம் வைத்துத் தோற்றுவிடுகிறான். கதவு திறந்திருந்தும் அவன் வெளியேற முடியாமற் போவதற்குப் பிசாசு பாதிக் காரணமென்றால், தாழ்ந்த குலத்தான் ஒருவன் காணாமற் போனால் தேடிவர எவருமில்லாத சமூகம் மற்றப் பாதிக் காரணம்.

தனிமை ஒருவரை என்ன செய்யும் என்பதைச் சோதனைச் சாலையிலேயே பார்த்தவர்கள் உண்டு. 1951-ஐ ஒட்டி, கனடா நாட்டின் மக்கில் பல்கலைக்கழகத்தில் டொனால்டு ஹெப் என்ற உளவியலாரின் வழிகாட்டுதலில், கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 20 டாலர் கூலி கொடுத்து, ஒன்றும் செய்யாமல் படுக்கையில் கிடக்கச் சொன்னார்கள். உருவம் தெரியாமல் வெளிச்சத்தை மட்டும் விடுகிற கண்ணாடி, தொடுவுணர்ச்சியை மறைக்கிற கையுறையும் அட்டைக் குழலும், ஓயாமல் ஒரே மாதிரி முனகுகிற இயந்திரம்: இவ்வளவுதான் சூழ்நிலை. உணவு உண்டு, அடி உதை கிடையாது, கூலியோ அந்தக் காலத்துக்கு அதிகம். இருந்தும் பெரும்பாலோர் இரண்டு மூன்று நாளைக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. முதலில் புள்ளிகளும் கோடுகளும் தெரிந்தன. பிறகு காட்சிகளே விரிந்தன. தோளில் மூட்டை சுமந்த அணில்கள் வரிசையாக அணிவகுத்துப் போவதைக் கண்டதாக ஒரு மாணவர் சொன்னார். கேட்கச் சிரிப்பாக இருக்கிறது, கண்டவருக்கு அப்படியிருந்திராது. வெளியிலிருந்து ஒன்றும் வராதபோது மனம் சும்மா இராமல், தனக்கு வேண்டிய பிசாசைத் தானே உற்பத்தி செய்துகொள்கிறது என்பது இதனால் விளங்குகிறது.

சோதனைச் சாலைக்கு அரை நூற்றாண்டு முன்னதாகவே ஆங்கிலேய சர்க்காருக்கு இந்த ரகசியம் தெரிந்திருந்தது. 1896-இல் அந்தமானில் கட்டத் தொடங்கி 1906-இல் முடித்த செல்லுலர் சிறையில், எழுநூறுக்குச் சற்றே குறைவான தனிக் கொட்டடிகளை ஏழு கரங்களாகப் பரப்பி, ஒரு கரத்தின் முகப்பு அடுத்ததன் முதுகையே நோக்கும்படி அமைத்தார்கள். கைதி கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் இன்னொரு மனித முகம் அவன் கண்ணில் படலாகாது என்பதே அந்தச் சிற்ப சாஸ்திரத்தின் நோக்கம். செக்கிழுக்கவும் நார் உரிக்கவும் வைத்த கொடுமையோடு இந்தத் தனிமையும் சேர்ந்து, 1912-இல் இந்துபூஷண் ராய் என்ற வங்கத்து இளைஞரின் உயிரைக் குடித்தது. அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் தண்டனை பெற்ற உல்லாஸ்கர் தத்தர் சித்தம் கலங்கி, சென்னையின் மனநோய் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்.

அதே 1896-இல்தான், செப்டம்பர் மாதம் முதல் தேதி, வெங்கடராமன் என்ற 16 வயதுப் பையன் திருவண்ணாமலையில் வந்து இறங்கினான். மதுரையில் சிற்றப்பா வீட்டு மாடியறையில் தனியாக உட்கார்ந்திருந்தபோது, நோய் நொடி ஏதுமின்றியே மரண பயம் அவனைப் பிடித்துக்கொண்டதும், டாக்டரையோ பெரியவர்களையோ கூப்பிடாமல் அவன் பிணம்போலப் படுத்து அந்தப் பயத்தை உற்று நோக்கியதும் ஊரறிந்த சரித்திரம். பின்னாளில் ரமண மகரிஷி ஆன அவர், இங்கே வந்த புதிதில் ஆயிரங்கால் மண்டபத்தில் அமர்ந்தார். துஷ்டச் சிறுவர்கள் கல்லெறிந்து தொல்லை கொடுக்கவே, அதற்கடியில் இருந்த பாதாள லிங்கக் குகைக்குள் இறங்கிவிட்டார். வெயில் எட்டாத ஈரத் தரை. எறும்பும் பூச்சியும் தொடைகளை அரித்துச் சீழும் ரத்தமும் வடிய, அதுவும் தெரியாமல் கிடந்தது அந்த உடம்பு. வெளிப்பார்வைக்கு இதைவிடக் கோரமான திகில் காட்சி ஒன்றை எந்த டைரக்டரும் கற்பித்துவிட முடியாது. 1949-இல் ராஜாஜி திறந்துவைத்த பிறகு செப்பமாகக் காணப்படுகிற அந்தப் பாதாள லிங்கத்தின் படிகளில் இறங்கி நிற்பவர்கள், இவ்வளவு சிறிய இடமா என்று வியப்பதைப் பார்க்கலாம்.

இந்தச் சரித்திரத்தைச் சொல்லுகிறபோது, இளைஞரின் வைராக்கியத்தைப் புகழ்ந்துவிட்டு அப்பால் போய்விடுவதே நம் வழக்கம். கதையின் மற்றப் பாத்திரங்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். சிறுவர்களை விரட்டிக் காவல் நின்றவர் சேஷாத்திரி சுவாமிகள். ரத்தினம்மாள் என்ற பெண்மணி குகைக்குள் இறங்கி உணவு கொண்டுவந்தார். வெங்கடாசல முதலியார் என்பவர் ஆட்களோடு வந்து, அந்த உடம்பைத் தூக்கி வெளியே சுப்பிரமணியர் சந்நிதியில் சேர்த்தார். அங்கே இருந்த மௌனசாமி ஒருவர், அம்மனுக்கு அபிஷேகமான பாலைக் கொடுத்து உயிர் தங்கச் செய்தார். அந்த இளைஞர் தாமாக விரும்பி ஏற்ற ஏகாந்தம் அது. அதற்கு வெளியே, அவர் கேளாமலேயே ஓர் ஊர் காவல் இருந்தது. அந்தமான் கொட்டடியில் சோறும் கூரையும் இருந்தன, காவலர்களும் இருந்தார்கள், உள்ளே கிடப்பவன் பிழைக்க வேண்டும் என்று கதவுக்கு வெளியே கவலைப்பட ஓர் ஆத்மா இல்லை. தவத்துக்கும் சித்திரவதைக்கும் இடையே உள்ள கோடு இங்கேதான் விழுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்றைக்கும் அடி அண்ணாமலையில் இரவு பத்து மணிக்குக் கடை கட்டுகிற டீக்கடைக்காரர், மண்டபத் திண்ணையில் காவித்துணியை உதறி விரித்துக்கொண்டிருக்கிற சாமியாரைப் பார்த்து, “சாமி, பால் கொஞ்சம் மிச்சமிருக்கு, ஒரு டீ போடட்டுமா?” என்று கேட்டுவிட்டுத்தான் அடுப்பை அணைக்கிறார். சாமியார் வேண்டாமென்று தலையசைக்கலாம். மௌன விரதத்தில் இருப்பவராயின் அதுவுமில்லை. கேட்டாயிற்று என்பதுதான் விசேஷம். நாளைக் காலையில் திண்ணை காலியாக இருந்தால், எங்கே போனார் என்று விசாரிக்க ஒருவர் இருக்கிறார்.

நல்ல தனிமைத் திகில் படங்கள் யாவும் இந்த ஒரே ஒரு ஆள் இல்லாத இடத்தில்தான் தம் பயத்தை வளர்க்கின்றன. ‘டிராப்ட்’ படத்து இளைஞன் காணாமற் போனதை எவரும் கவனிப்பதில்லை; பாணன் தேவனைத் தேட எவருமில்லை; ஸ்வப்னாவுக்கோ ஆள் இருந்தும், ஊர் சொல்லிக்கொடுத்த வெட்கம் அவளை அந்த ஆளிடமிருந்தும் பிரித்துவைத்திருந்தது. இதன் மறுபக்கத்தையும் திரையில் பார்த்திருக்கிறோம்: 2006-இல் கொடைக்கானலின் குணா குகைக் குழியில் நண்பன் விழுந்துவிட, மற்றவர்கள் இனி ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகும் கேளாமல், தோழர்களுள் ஒருவர் கயிற்றில் இறங்கி அவரை மீட்டுவந்தது நடந்த கதை; 2024-இல் அதைச் சொன்ன ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ தமிழ்நாட்டிலும் ஜனங்கள் திரண்டு பார்த்த படமாயிற்று.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நம் டைரக்டர்களிடம் ஒரு முறையீட்டையும் வைக்க வேண்டும். அஸ்வின் சரவணனே 2022 டிசம்பரில் நயன்தாராவைக் கொண்டு எடுத்த ‘கனெக்ட்’, ஊரடங்கு நாட்களில் வீட்டுக்குள் முடங்கிய தாயையும் மகளையும் களமாக எடுத்துக்கொண்டது. இடைவேளை இன்றி 99 நிமிஷத்தில் முடியும்படி அமைத்ததும் மெச்சத்தக்க துணிவு. கொரோனாத் தனிமையை அனுபவித்த தலைமுறைக்கு அதைவிட நெருக்கமான களம் வேறில்லை. அப்படியிருந்தும், அந்தத் தனிமை தானாகப் பேசத் தொடங்குவதற்குள் பிசாசு வந்து மகளைப் பிடித்துக்கொள்ள, காட்சி முழுவதும் பேயோட்டுகிற பாதிரியார் வசம் போய்விட்டது. வாத்தியங்களைச் சற்று நேரம் நிறுத்திவையுங்கள். கதவு கிறீச்சிடுவதைக் காட்டுவதற்கு முன், அந்தக் கதவை ஒரு வாரமாக எவரும் தட்டவில்லை என்பதைக் காட்டுங்கள். பங்களாவைத் தேடி மலைமேல் ஏறவும் வேண்டாம். பிள்ளைகள் வெளிநாடு போய்விட, தொலைக்காட்சியின் சப்தத்தையே துணையாக வைத்துக்கொண்டு உறங்குகிற முதியவர்கள் நம் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள்.

‘கேம் ஓவர்’ படத்தைப் பாராதவர்கள் பார்க்கலாம். மனம் நொந்திருக்கிற காலத்தில் மட்டும் தனியாகப் பார்க்க வேண்டாம். அப்படி நொந்திருப்பவர்களும், அவர்கள் வீட்டில் இருப்பவர்களும் குறித்துக்கொள்ள வேண்டிய எண் ஒன்று உண்டு: மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில், இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசி அடையலாம்.